சர்க்கரை நோய் விளக்க வீடியோக்கள் பார்வையற்றவர்களுக்குப் புரியும்படி இருக்க வேண்டாமா?

உறையூரான்:
சர்க்கரை நோயால் விழித்திரை கெட்டுப் பார்வை போனவன் நான். ஒரு மருத்துவமனையின் இன்சுலின் விளக்க வீடியோவைப் போட்டால் பாதி நேரம் இசைதான் ஓடுகிறது, நடுவில் ஒரு குரல் "இதை இப்படிப் பிடிங்க, இந்தக் கோடு வரைக்கும் இழுங்க" என்கிறது. எதை, எப்படி, எந்தக் கோடு? அவர்கள் போட்டிருக்கும் உணவு அட்டவணையோ முழுக்கப் படம், என் போனில் திரையை வாசித்துச் சொல்லும் டாக்பேக் "படம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. சர்க்கரை கண்ணைப் பறிக்கும் என்று எல்லா டாக்டர்களும் எச்சரிக்கிறார்கள். பறிகொடுத்தவனும் அதே நோயோடுதானே வாழ வேண்டும்? இணையத்தில் மருத்துவம் சொல்லித்தருபவர்கள் எங்களுக்கும் சேர்த்துச் சொல்லியே ஆக வேண்டும்.

டாக்டர்_மருதம்:
உங்கள் வருத்தம் நியாயம்தான் சார், ஆனால் தீர்வு அதுவல்ல. இன்சுலினை வீடியோ கேட்டுப் பழகக் கூடாது. ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள இன்சுலினுக்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100 யூனிட் உள்ளதற்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தை 40 சிரிஞ்சில் அதே கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது இரண்டரை மடங்கு, சர்க்கரை சடாரென்று இறங்கி ஆள் மயங்கிவிடுவார். சரி, அளவைத் திருகி வைத்துப் போடும் இன்சுலின் பேனா இருக்கிறதே என்பீர்கள். கிளிக் சத்தத்தை எண்ணி அளவு வைக்காதீர்கள், பார்வை இல்லாதவர் துணையின்றிப் போடாதீர்கள் என்று பல பேனாக்களின் துண்டுச்சீட்டிலேயே எழுதியிருக்கிறது. செவிலியர் நேரில் கையைப் பிடித்துச் சொல்லித்தருவதுதான் பாதுகாப்பு. 2021 முதல் அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வீட்டுக்கே வருகிறது, 104 மருத்துவ உதவி எண்ணுக்கு போன் போட்டும் கேட்கலாம். இருக்கிற பணத்தை அங்கே போடுவோம்.

உறையூரான்:
நேரில் சொல்லித்தர வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன் டாக்டர்? பார்வை உள்ளவருக்கும் நேரில்தான் சொல்லித்தருகிறீர்கள், அப்புறம் ராத்திரி சந்தேகம் வந்தால் அவர் வீடியோவைத் திரும்பப் பார்த்துக்கொள்கிறார், எனக்கு அந்த வழி இல்லை. இந்தச் சிவப்பு, ஆரஞ்சு விஷயத்தை இப்போது நீங்கள் எழுத்தில் போட்டதால் என் போன் வாசித்தது. இனி என் மனைவியிடம் மூடி என்ன நிறம் என்று கேட்டுவிட்டுத்தான் ஊசியைத் தொடுவேன். துணைக்கு ஆள் இருந்தாலும் எதைக் கேட்பது என்று நோயாளிக்குத் தெரிந்திருக்க வேண்டுமே.

நிரல்வேலன்:
இதற்குப் பெரிய செலவு கிடையாது. பல நலக் கையேடுகள் இன்னும் பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்த பிடிஎஃப்களாகக் கிடக்கின்றன, ஸ்கிரீன் ரீடர் அதை ஆங்கில எழுத்துக் குப்பையாக வாசிக்கும். தமிழக அரசு 2010லேயே யூனிகோடுக்கு மாறிவிட்டது, அதில் அடித்தாலே பாதி வேலை முடிந்தது. என்விடிஏ என்ற கணினி ஸ்கிரீன் ரீடர் இலவசம், போட்டுக் கேட்டுச் சரிபார்க்கலாம். சட்டமும் இருக்கிறது, மின்னணு ஊடகத்தில் வருவது மாற்றுத்திறனாளிகளும் அணுகும் வடிவில் இருக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 42ஆம் பிரிவு. கொரோனா தடுப்பூசிக்கான கோவின் தளத்தில், படத்தில் உள்ள எழுத்தைப் பார்த்து அடிக்கச் சொல்லும் கேப்சாவை ஒலியாகக் கேட்க வழியில்லை என்பதை 2021 மே மாதம் உச்ச நீதிமன்றமே எடுத்துச் சொன்னது. தடுப்பூசிக்குப் பதிவு செய்ய அடுத்தவர் தயவு தேவைப்பட்ட காலம் அது.

பொள்ளாச்சி_மணி:
அரசுத் தளத்தைக் கேளுங்கள், நானும் கூட வருகிறேன். ஆனால் என்னை மாதிரி தனி ஆளாக, சம்பளம் இல்லாமல் போனில் வீடியோ எடுத்துப் போடுகிறவனிடம் திரையில் நடப்பதைச் சொல்லும் காட்சி விளக்க ஒலித்தடம் தனியாகச் சேர் என்றால் நான் நிறுத்திவிடுவேன். அதனால் யாருக்கு லாபம்?

நிரல்வேலன்:
தனி ஒலித்தடமே வேண்டாம் மணி அண்ணா. "இப்படி உருட்டுங்க" என்பதற்குப் பதிலாக, "கலங்கலான இன்சுலின் பேனாவை உள்ளங்கைகளுக்கு நடுவில் பத்து முறை உருட்டுங்க, பத்து முறை மேலும் கீழுமாகக் கவிழ்த்து ஆட்டுங்க" என்று பேசுங்கள். அவ்வளவுதான்.

வைகைக்கரை:
நான் செவிலியர். டாக்டர் சொல்கிற வீட்டு வருகை நல்ல திட்டம்தான், ஆனால் மாத்திரை கொடுக்க வருகிறவருக்கு ஒரு வீட்டில் எவ்வளவு நேரம் கிடைக்கும்? அதுவும் பார்வையில்லாதவரைக் கேட்டால் பக்கத்தில் இருக்கும் அண்ணனோ மாமியாரோ பதில் சொல்வார்கள். வெள்ளைப்படுதல், மார்பில் கட்டி, கருத்தடை, இதையெல்லாம் ஒரு பெண் யாரை வைத்து வாசிக்கச் சொல்வாள்? காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு தானே கேட்டுத் தெரிந்துகொள்ள அவளுக்கு வேறு இடம் இல்லை டாக்டர். செலவுக் கணக்கில் இதையும் சேர்த்துப் பாருங்கள்.

டாக்டர்_மருதம்:
சிஸ்டர் சொல்கிற அந்தரங்க விஷயங்களுக்கு ஒப்புக்கொள்கிறேன், அவை எழுத்தாகவும் ஒலியாகவும் வரட்டும். ஊசி விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். நேரில் செய்துகாட்டி ஒருவர் பார்த்துச் சரி என்ற பிறகே கேளுங்கள் என்று ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் இருக்க வேண்டும்.

உறையூரான்:
அதைப் படமாகப் போடாமல் வாயால் சொன்னால் எனக்குச் சம்மதம். மணி அண்ணா, அடுத்த வீடியோ எடுக்கும் முன் பேசப்போவதை எனக்கு அனுப்புங்கள், கேட்டுவிட்டு எங்கே புரியவில்லை என்று சொல்கிறேன்.