லேப்டாப்பில் கீபோர்டு வாசித்தால் சத்தம் பிந்தி வருகிறதா? ராமநாதபுரம் கரைப் பக்கத்து அனுபவங்கள்

தங்கச்சிமடத்திலிருந்து, கோயில் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிப்பவர்:

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கடலுக்குப் போகும் தம்பிமார் எல்லாரும் கரையில் இருப்பதால் எங்கள் குழுவுக்கு அதுதான் நல்ல பயிற்சிக் காலம். அப்படியொரு தடைக்காலத்தில்தான் கீபோர்டின் சொந்த ஒலிகளை விட்டுவிட்டு, லேப்டாப்பில் ஓடும் சாஃப்ட்வேர் சிந்த்துக்கு (வாத்திய ஒலிகளை உருவாக்கித் தரும் மென்பொருள்) மாறினோம். ஆர்கனும் ஸ்டிரிங்ஸும் அவ்வளவு அழகு. ஆனால் தபேலாவோடு சேர்ந்தால் கீபோர்டு எப்போதும் தாளத்துக்கு ஒரு நூல் பின்னால் நின்றது. வாசிப்பவருக்குத்தான் தாளம் பிசகுகிறது என்று பேச்சு வந்தபோது, முதலில் தாமதத்தை அளந்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

அளப்பதற்குச் செல்போன் போதும். கீபோர்டு கட்டைக்கும் ஸ்பீக்கருக்கும் பக்கத்தில் போனை வைத்து ரெக்கார்டிங்கைத் தட்டிவிட்டு, ஒரு கட்டையை 'டக்' என்று சத்தம் கேட்கும்படி அழுத்துங்கள். பியானோ மாதிரி சட்டென்று எழும் ஒலியாக இருக்கட்டும்; ஸ்டிரிங்ஸ் மெதுவாக எழும், அது நம்மைக் குழப்பும். அந்தப் பதிவை ஆடாசிட்டி என்ற ஒலித் தொகுப்பு மென்பொருளில் திறந்து நன்றாகப் பெரிதாக்கினால், பிளாஸ்டிக் கட்டை அடியில் மோதிய இடம் ஒரு சின்ன முள் போலத் தெரியும். அப்புறம் ஏறக்குறைய வெறும் கோடு. அப்புறம் பியானோவின் பெரிய அலை. முள்ளுக்கும் அலைக்கும் நடுவில் இழுத்துத் தேர்வு செய்தால் எத்தனை மில்லி விநாடி என்று கீழே காட்டும். எங்களுக்கு 100-ஐ ஒட்டி வந்தது. பத்துக்குள் இருந்தால் விரலுக்கு உறைக்காது. இருபதைத் தாண்டினால் கை கனக்கிற மாதிரி இருக்கும். நூறு என்றால் எந்தக் கொம்பனாலும் தாளத்தில் வாசிக்க முடியாது. குழுவில் அந்தப் பேச்சு அதோடு நின்றது.

காரணம் டிரைவர், அதாவது கணினிக்கும் சவுண்ட் கார்டுக்கும் நடுவே பேசும் மென்பொருள். விண்டோஸ் எல்லா மென்பொருளின் சத்தத்தையும் தன் பொது மிக்சரில் கலந்துதான் வெளியே அனுப்பும். பாட்டுக் கேட்க அது போதும், வாசிக்க ஆகாது. இதற்காகத்தான் 1997-இல் ஸ்டெயின்பர்க் நிறுவனம் ஏசியோ என்ற டிரைவர் முறையைக் கொண்டுவந்தது. மென்பொருள் நேராகச் சவுண்ட் கார்டோடு பேசும். ஆடியோ இன்டர்ஃபேஸ் (வெளியே மாட்டும் சவுண்ட் கார்டு) வைத்திருப்பவர்கள் அதன் சொந்த ஏசியோ டிரைவரைப் போட வேண்டும். இல்லாதவர்களுக்கு ஏசியோ ஃபோர் ஆல் என்ற பொது டிரைவர் இலவசமாகக் கிடைக்கிறது. நாங்கள் அதைத்தான் போட்டோம்.

அப்புறம் பஃபர். கணினி ஒலியைத் துளித்துளியாக அனுப்பாது. குழாயடியில் குடம் நிறைந்த பிறகு தூக்கிக்கொண்டு போகிற மாதிரி, ஒரு தொகுதி சேர்ந்த பிறகே அனுப்பும். அந்தக் குடம்தான் பஃபர். குடம் சின்னதென்றால் சீக்கிரம் நிறையும், ஆனால் ஓயாமல் ஓட வேண்டும். ஓட்டம் ஒரு தடவை தவறினாலும் 'பட் பட்'டென்று பொரியும் சத்தம் கேட்கும். கணக்கு சுலபம்: பஃபர் அளவை சாம்பிள் ரேட்டால், அதாவது விநாடிக்கு எத்தனை சாம்பிள் (ஒலித் துணுக்கு) என்ற எண்ணால், வகுக்க வேண்டும். 44,100-இல் 512 சாம்பிள் என்றால் 11.6 மில்லி விநாடி. 48,000-இல் 128 என்றால் 2.7. நிஜத்தில் டிரைவரும் சவுண்ட் கார்டும் இன்னும் கொஞ்சம் சேர்க்கும். எங்கள் லேப்டாப் 256-இல் பொரியாமல் ஓடுகிறது. அதற்குக் கீழே இறக்க நான் ஆசைப்படவில்லை; திருப்பலி நடுவில் பொரியும் சத்தம் கேட்பதைவிட இரண்டு மூன்று மில்லி விநாடி கூடுதலாக இருப்பது எவ்வளவோ மேல்.

இவ்வளவு செய்தும் கொஞ்சம் தாமதம் மிச்சம் இருந்தது. எல்லா ஒலியும் வந்து சேரும் மாஸ்டர் சேனலில், சத்தம் எல்லை மீறாமல் தடுக்கும் லிமிட்டர் ஒன்று உட்கார்ந்திருந்தது. வரப்போகும் ஒலியை முன்கூட்டியே பார்த்து அடக்கும் வகை; அப்படிப் பார்ப்பதற்காகவே ஒலியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். லீனியர் ஃபேஸ் ஈக்யூவும் (ஒலியின் கனத்தையும் கூர்மையையும் சீர்செய்யும் ஒரு வகைக் கருவி) அப்படித்தான், பஃபரை எவ்வளவு குறைத்தாலும் அந்தத் தாமதம் குறையாது. பாட்டு முடித்து மிக்ஸ் செய்யும்போது போட்டுக்கொள்ளுங்கள், வாசிக்கும்போது எடுத்துவிடுங்கள்.

கடைசியாக ஸ்பீக்கர் தூரம். காற்றில் ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லி விநாடி ஆகும். கோயில் முன்பக்கத்துப் பெட்டி ஆறு மீட்டர் தள்ளி இருந்தால், கணினியில் பாடுபட்டு மிச்சம் பிடித்ததில் 18 மில்லி விநாடி அங்கே போய்விடும். வாசிப்பவர் காலடியில் அவர் கேட்பதற்கென்று ஒரு சின்ன மானிட்டர் ஸ்பீக்கர் வையுங்கள். இதை யாரும் சொல்வதில்லை.

கீழக்கரையிலிருந்து, வீட்டில் இஸ்லாமியப் பாடல்களுக்கு இசை சேர்ப்பவர்:

அண்ணே சொன்ன செல்போன் அளவு அருமை. என் பங்குக்கு ஒன்று: ப்ளூடூத் ஹெட்போனை வைத்துக்கொண்டு யாரும் வாசிக்கப் பார்க்காதீர்கள். துபாயிலிருந்து வந்த ஒரு காக்கா (அண்ணன்) நல்ல விலையுள்ள ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். பாட்டுக் கேட்க அவ்வளவு சுகம். சிந்த் வாசித்தால் தாமதம் 200 மில்லி விநாடிக்கும் மேல். ஒலியைச் சுருக்கி அனுப்பி, அந்தப் பக்கம் விரித்து எடுப்பதால் வரும் தாமதம் அது. ஹெட்போனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒயர் உள்ள சாதாரண ஹெட்போன் போதும்.

இன்னொன்று. பஃபரை 1024-க்கு ஏற்றியும் எனக்குப் பொரியும் சத்தம் போகவில்லை, சிபியுவோ பாதிகூட ஓடவில்லை. லேட்டன்சிமான் என்ற இலவசக் கருவியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டேன். எந்த டிரைவர் கணினியை அதிக நேரம் பிடித்து வைக்கிறது என்று பெயரோடு காட்டுகிறது. என்னிடம் அது வைஃபை டிரைவர். டிவைஸ் மேனேஜரில் வைஃபையை டிசேபிள் செய்ததும் பொரிச்சல் அடங்கியது. அப்புறம் பஃபரை 128-க்கு இறக்கினேன், தாங்குகிறது. பாடல் அனுப்ப வேண்டிய நேரத்தில் மட்டும் வைஃபையைத் திரும்பப் போட்டுக்கொள்கிறேன்.

தொண்டியிலிருந்து, மெல்லிசைக் குழுவுக்கு ஒலி அமைப்பவர்:

எங்களுக்கு இருந்த பிரச்சினை வேறு. வீட்டில் ஒழுங்காக ஓடும் அதே லேப்டாப் மேடையில் திடீரென்று பொரியும். கவனித்துப் பார்த்ததில், கரண்ட் போய் லேப்டாப் பேட்டரிக்கு மாறும் நேரத்தோடு அது ஒத்துப்போனது. பேட்டரிக்கு மாறியதும் விண்டோஸ் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க சிபியுவின் வேகத்தைக் குறைத்துவிடுகிறது. பவர் ஆப்ஷன்ஸில் 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' வையுங்கள். பேட்டரிக்கும் அதே அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் (மின்சாரம் மிச்சம் பிடிக்க யூஎஸ்பி கருவிகளைத் தூங்க வைப்பது) என்று ஒன்று இருக்கும், அதையும் நிறுத்துங்கள். ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கி வைத்தால் இன்னும் நிம்மதி.

சூடும் அதே வேலையைச் செய்யும். மே மாதத்தில் இங்கே பந்தலுக்கு அடியில் லேப்டாப்பை மேசை விரிப்பின் மேல் வைத்தால் அடியில் காற்றுப் போக வழியில்லை. உள்ளே கொதித்ததும் சிபியு தானாக வேகத்தைக் குறைக்கும். நாலு மூலைக்கும் மரக்கட்டை கொடுத்துத் தூக்கி வைக்கிறோம்.

உப்புக் காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் கரையில் யூஎஸ்பி முனைகள் சீக்கிரம் பூத்துப் போகும். மிடி கீபோர்டு (எந்தக் கட்டை அழுத்தப்பட்டது என்ற செய்தியைக் கணினிக்கு அனுப்பும் கீபோர்டு) ஒரு நொடி துண்டித்துத் திரும்ப ஒட்டும். அந்த நேரத்து ஸ்வரம் வராது, அல்லது அழுத்திய ஸ்வரம் விடாமல் இழுக்கும். பார்ப்பவர்களுக்கு அதுவும் தாமதம் போலவே தெரியும், செட்டிங்கை நோண்ட ஆரம்பித்துவிடுவார்கள். முதலில் ஒயரை அசைத்துப் பாருங்கள். காண்டாக்ட் கிளீனர் அடித்துக் காயவிட்டு மாட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். மலிவான ஹப் வழியாக மாட்டாமல் நேராக லேப்டாப்பிலேயே மாட்டுங்கள்.

தேவிபட்டினத்திலிருந்து, லினக்ஸ் பயன்படுத்துபவர்:

லினக்ஸில் ஏசியோ தேவையில்லை. ஒலியைக் கையாளும் ஜாக் அல்லது இப்போதைய பைப்வயர் என்ற மென்பொருள் போதும். உங்கள் பயனர் கணக்கை ஆடியோ குழுவில் சேர்த்து, ரியல்டைம் முன்னுரிமை (ஒலி வேலைக்கு கணினி முதலிடம் தருவது) கிடைக்கிறதா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். பழைய லேப்டாப்பிலும் 128 பஃபர் கிடைக்கிறது. சில இன்டர்ஃபேஸ்களுக்கு லினக்ஸ் ஆதரவு சரியாக இல்லை, வாங்கும் முன் விசாரியுங்கள்.

தங்கச்சிமடத்துக்காரர் மறுபடியும்:

தொண்டி அண்ணே, சூடு விஷயம் எங்களுக்கும் பொருந்துகிறது, கட்டை வைத்துவிடுகிறோம். தனியாக ஒரு தம்பி, பழைய வட்ட முனை மிடி ஒயரால் தாமதம் வருமா என்று கேட்டிருந்தார். மிடி விநாடிக்கு 31,250 பிட் வேகத்தில் போகிறது. ஒரு ஸ்வரச் செய்தி போய்ச் சேர ஒரு மில்லி விநாடிதான். நாலு விரலால் நாலு ஸ்வரத்தைச் சேர்த்து அழுத்தினால் மூன்று, நாலு ஆகும். ஒயரை மாற்றச் செலவு செய்ய வேண்டாம் தம்பி, அந்தக் காசுக்கு ஒரு மானிட்டர் ஸ்பீக்கர் பாருங்கள்.