கிளாக் கேட்டிங்: ‘துடிப்பு மடை’ என்று சொல்லலாமா?

அண்ணாச்சிமாருக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் கிளாக் பகுதிக்கு நாம் தொகுக்கும் சொற்பட்டியலில் ‘கிளாக் கேட்டிங்’ இன்னும் முடிவாகவில்லை. வேலை இல்லாத சாதனத்துக்குப் போகும் மின்துடிப்பை நிறுத்தி மின்சாரம் மிச்சப்படுத்துவதுதான் அது. ‘கடிகார வாயிலடைப்பு’ என்று ஒரு முன்மொழிவு வந்தது. ‘ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதிவிட்டுப் போவோம்’ என்று இன்னொன்று. எனக்கு இரண்டும் ஒப்பவில்லை.

முதலில் கடிகாரம். இங்கே கிளாக் மணி காட்டுவதில்லை. மின்சுற்றுப் பலகையில் இருக்கும் கிரிஸ்டல், எடுத்துக்காட்டாக 24 மெகாஹெர்ட்ஸில், ஒரு சீரான மின்துடிப்பைக் கொடுக்கிறது. அதைச் சில்லுக்குள் பெருக்கி, வகுத்து, சீரியல் இணைப்புக்கான யூஏஆர்டி, யூஎஸ்பி, கேமரா என்று ஒவ்வொரு சாதனத்துக்கும் பிரித்து அனுப்புகிறார்கள். கெர்னலில் நேரத்தைக் கணக்கு வைக்கும் பகுதி தனியாக இருக்கிறது. அதில் ‘கிளாக்சோர்ஸ்’ என்றே ஒரு சொல் உண்டு. கடிகாரத்தை அங்கே வைத்துக்கொள்வோம். இங்கேயும் அதையே போட்டால் படிக்கிற மாணவன் இரண்டையும் குழப்பிக்கொள்வான். இதற்குத் துடிப்பு என்பதே போதும்.

அடுத்தது வாயிலடைப்பு. லாஜிக் கேட்டுக்குத் ‘தருக்க வாயில்’ பழகிவிட்டது, துடிப்பை நிறுத்தும் சுற்றிலும் ஒரு லாஜிக் கேட்தான் இருக்கிறது என்ற வாதம் சரியானதே. ஆனால் வாயிலடைப்பு, கதவடைப்பு என்றாலே பத்திரிகை படிக்கிறவருக்கு ஆலை மூடலும் வேலைநிறுத்தமும்தான் கண்முன் நிற்கும். நமக்கு வேண்டியது அவ்வப்போது திறந்து அவ்வப்போது அடைக்கும் வேலையைச் சொல்லும் சொல்.

அதனால்தான் மடை என்கிறேன். கேட் என்பது துடிப்பு மடை. கேட்டிங் என்பது மடையடைப்பு. ‘துடிப்பை மடையடைத்து மின்சாரம் சேமித்தல்’ என்று எழுதினால் விளக்கம் கேட்காமலே புரியும்.

ஓசைக்காக மட்டும் சொல்லவில்லை. உள்ளே நடப்பதும் அப்படித்தான். தாமிரபரணியில் பிரியும் கன்னடியன் கால்வாயை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மடையில் நாலு பேர் வயலுக்குத் தண்ணீர் போகிறது என்றால், ஒருவர் வயல் நிறைந்துவிட்டது என்று ஷட்டரை இறக்க முடியாது. கடைசி ஆளும் ‘போதும்’ என்ற பிறகுதான் இறக்கலாம். கெர்னலும் இதையேதான் செய்கிறது. சாதனத்தை இயக்கும் மென்பொருளான டிரைவர் ஒன்று ‘திற’ என்று கேட்கும்போது எண்ணிக்கை ஒன்று கூடுகிறது. ‘அடை’ என்றால் ஒன்று குறைகிறது. சுழியத்துக்கு வந்தால்தான் வன்பொருளில் துடிப்பு நிற்கும். அப்புறம் மேலே இருக்கும் தாய்த் துடிப்பின் கணக்கிலும் ஒன்று குறையும். அதுவும் சுழியமானால் அதுவும் நிற்கும். இந்தக் கணக்குக்குத் ‘திறப்பு எண்ணிக்கை’ என்று பெயர் வைக்கலாம். 2012 மே மாதம் வெளிவந்த 3.4 பதிப்பில்தான் இதற்கெல்லாம் பொதுவான ஒரு கட்டமைப்பு கெர்னலில் சேர்ந்தது. அதுவரை ஏஆர்எம் வகைச் சில்லுப் பலகைகளில் ஒவ்வொரு சில்லுக் குடும்பமும் தனித்தனியாகத் தன் வழியில் செய்துகொண்டிருந்தது.

இந்தச் சொல் எங்கே கைகொடுக்கும் என்பதற்கு, பாளையங்கோட்டையில் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது அடிக்கடி பார்க்கும் ஒன்றைச் சொல்கிறேன். பலகைக்கு மின்சாரம் கொடுத்ததும் சீரியல் திரையில் வரிகள் ஓடும். பூட் முடியும் தறுவாயில் சட்டென்று நின்றுவிடும். கெர்னல் செத்துவிட்டது என்று நினைப்பார்கள். அது உயிரோடுதான் இருக்கும். கெர்னலை ஏற்றிவிடும் பூட்லோடர் திறந்து வைத்த துடிப்பை எந்த டிரைவரும் தன் பெயரில் கேட்டு வாங்கியிருக்காது. பூட்டின் கடைசிக் கட்டத்தில் கெர்னல் யாரும் உரிமை கோராத துடிப்புகளை எல்லாம் தேடி அடைக்கும். அதில் யூஏஆர்டியின் மடையும் விழுந்துவிடும். பூட் வரியில் ‘சிஎல்கே இக்னோர் அன்யூஸ்டு’ என்று சேர்த்தால் திரை மீண்டும் பேசும். அது நோயைக் கண்டுபிடிக்க மட்டும்தான். டிரைவரைத் திருத்தித் துடிப்பை முறையாகக் கேட்க வைப்பதே மருந்து. இந்த வேலைக்கு ‘கேட்பாரற்ற மடையடைப்பு’ என்று எழுதிப் பார்த்தேன். நீளம்தான், ஆனால் கோளாறு எங்கே என்று அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது.

கல்லிடைக்குறிச்சி அண்ணாச்சி ஒரு தடை சொல்லியிருந்தீர்கள்: நம் பக்கம் கோயில் கொடையில் சாமிக்குப் போடும் படையலும் மடைதானே என்று. உண்மை. ஆனால் ‘துடிப்பு’ முன்னால் ஒட்டியிருக்கும்போது அந்தப் பொருள் வர வழியில்லை. தஞ்சாவூர்க்காரர்கள் மதகு என்பார்கள் என்றும் எழுதினீர்கள். மதகு அங்கே கட்டடத்தையே குறிக்கும். மடை என்றால் அடைக்கலாம், திறக்கலாம், மாற்றலாம். மாற்றலாம் என்பது எனக்கு முக்கியம், ஏனென்றால் இரண்டு மூன்று தாய்த் துடிப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் சுற்றுக்கு ‘மடைமாற்றி’ என்ற பெயர் தானாக வந்து விழுகிறது. மடைமாற்றுதல் ஏற்கெனவே எல்லா ஊரிலும் புழங்குகிற சொல்.

துடிப்பைத் தயார்ப்படுத்தும் ‘பிரிப்பேர்’, திறந்துவிடும் ‘எனேபிள்’ என்ற இரண்டு கெர்னல் அழைப்புகளையும் ஒன்றாக்கலாம் என்ற யோசனையை மட்டும் ஏற்க வேண்டாம். முதலாவது காத்திருக்கலாம், தூங்கலாம். துடிப்பைப் பெருக்கும் பிஎல்எல் சுற்று நிலைபெற நேரம் எடுக்கும். இரண்டாவது தூங்கவே கூடாது, குறுக்கீட்டுக்குள் (இன்டரப்ட்) இருந்தும் அழைப்பார்கள். இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால், தூங்கக் கூடாத இடத்தில் தூங்குகிற நிரலை நாமே எழுத வைத்ததாகிவிடும். ‘ஆயத்தமாக்கு’, ‘திற’, திரும்பி வரும்போது ‘அடை’, ‘ஆயத்தம் நீக்கு’. வரிசை மாறக் கூடாது.

மின்சாரத்தையே துண்டிக்கும் பவர் கேட்டிங்குக்கு மடையைக் கொடுக்கவும் எனக்கு விருப்பமில்லை. துடிப்பு நின்றால் சுற்று நிலை மாறுவதால் ஆகும் செலவுதான் நிற்கும். கசிவு மின்னோட்டம் தொடரும். அதையும் நிறுத்த மின்னழுத்தத்தையே துண்டிக்க வேண்டும், அப்போது ரெஜிஸ்டரில் இருந்த மதிப்புகள் போய்விடும். ‘மின்துண்டிப்பு’ என்று தனியே வைத்தால், எதில் மதிப்பு தங்கும், எதில் தங்காது என்பது பெயரிலேயே தெரியும்.

‘கேட்பாரற்ற’ என்பதைவிடக் குறுகிய சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள். மற்றவற்றுக்குத் தடை இல்லையென்றால் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.