லேசரால கலத்தைப் பிடிச்சிழுத்தா அதுக்கு நோகாதோ?

தின்னவேலிப் பெடியன்:
பயோ படிச்ச ஆக்கள் ஆராவது சொல்லுங்கோ. டியூசன்ல சேர் போற போக்கில சொன்னவர், லேசரை வச்சு உயிருள்ள கலத்தையே சாவணத்தால பிடிக்கிற மாதிரிப் பிடிச்சு நகர்த்தலாம் எண்டு. போட்டோனுக்கு, அதான் வெளிச்சத் துணிக்கைக்கு, உந்தம் இருக்கு, அது விளங்குது. ஆனா அந்த விசையில கலம் கிழிஞ்சு செத்துப்போகாதோ? கேக்க முதல் கிளாஸ் முடிஞ்சிட்டுது.

நல்லூரடி:
பயப்பிடாதை தம்பி, எல்லாம் பிக்கோநியூற்றன் கணக்கு, ஒரு நியூற்றனை லட்சங்கோடியாப் பிரிச்சா வாற ஒரு பங்கு. ஒரு செங்குழியத்தின்ர (ரத்தத்தில இருக்கிற சிவப்புக் கலம்) நிறையே கிட்டத்தட்ட 1 பிக்கோநியூற்றன் வரும், லேசர்ச் சாவணத்தின்ர பிடி பெரும்பாலும் ஒண்டிலயிருந்து நூறுக்குள்ள. ஆர்தர் ஆஷ்கின் எண்ட அமெரிக்க விஞ்ஞானிதான் 1986ல ஒற்றைக் கற்றையால துணிக்கையைப் பிடிச்சுக் காட்டினவர், 2018ல நோபல் கிடைக்கேக்க மனுசனுக்கு 96 வயசு!

கொக்குவில் அக்கா:
விசை சின்னன் எண்டு அதோட விடேலாது. ஆஷ்கின் முதல்ல பச்சை லேசரால பக்டீரியாவைப் பிடிக்க அதுகள் செத்துப்போச்சுதுகள், பிறகுதான் கண்ணுக்குத் தெரியாத 1064 நனோமீற்றர் செந்நிறக்கீழ் லேசருக்கு மாறினவர். கொல்லுறது இழுவை இல்லை, வெளிச்சம். ஒட்சிசன் இருந்தா சேதம் இன்னும் கூட, அதோட சூடும் ஏறும். அதால கன பேர் கலத்தில நேரா லேசரை அடிக்கிறேல்ல, செங்குழியத்தின்ர ரெண்டு பக்கமும் சின்னச் சிலிக்கா மணி ஒட்டி மணியைப் பிடிச்சு இழுக்கிறது, கலம் நீண்டு குடுத்திட்டு விட்டவுடன திரும்பி வரும். மண்ணீரல்ல 1 மைக்கிரோமீற்றர் அளவு இடுக்குக்குள்ளால நெளிஞ்சு போற சாமான் எல்லோ. மலேரியாக் கிருமி புகுந்த செங்குழியம் இப்பிடி நீளாது, விறைச்சு நிக்கும்.

நோகுமோ எண்டா, நரம்பில்லை, நோகாது, ஆனா கலம் உணரும். சவ்வு இழுபட்டா சவ்வில இருக்கிற பியெசோ1 எண்ட புரத வாசல் திறந்து கல்சியம் உள்ள வரும், அதுக்குப் பிறகு கலத்தின்ர நடப்பே மாறலாம். அதைக் கண்டுபிடிச்சதுக்குத்தான் 2021ல ஆர்டெம் பட்டபூட்டியன் எண்ட விஞ்ஞானிக்கு நோபலில பங்கு.

நல்லூரடி:
ஓம் அக்கா, சூட்டை நான் மறந்திட்டன்.

தின்னவேலிப் பெடியன்:
நன்றி அக்கா. அப்ப கடையில விக்கிற லேசர் பொயின்ரரால ஒண்டும் ஏலாதோ?

கொக்குவில் அக்கா:
கற்றையை நல்லாக் குவிக்க நல்ல நுணுக்குக்காட்டி வில்லை வேணும் ராசா, வெறும் பொயின்ரரால பூனைதான் ஓடும். கண்ணில மட்டும் அடிச்சிடாதை.