மெட்ராஸில் வீடு பார்த்த கதை: உங்களுக்கு மறக்காமல் நிற்பது எது?

கும்பகோணத்தான்:
வேளச்சேரி, 650 சதுர அடி, வாடகை 18,000, பத்து மாத அட்வான்ஸ். மற்றது உங்களுக்கே தெரியும். ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர் குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு வந்த பணம், அப்படியே மஞ்சப்பையில் அப்பாவோடு வந்தது. ஓனரம்மா நோட்டை எண்ண, அப்பா ஹாலைக் காலடி வைத்து அளந்துகொண்டிருந்தார், வரப்பை அளக்கிற மாதிரி. "ஒன்றரை சென்ட் வருமாடா? நம்ம களமே..." என்று ஆரம்பித்தார். அதற்குள் அந்தம்மா, "பெரியவரும் இங்கேயேவா? தண்ணி பத்தாது" என்றார். அப்பா ஒன்றும் பேசவில்லை. வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார். அன்று ராத்திரியே உழவன் எக்ஸ்பிரஸில் ஊருக்கு ஏறிவிட்டார். மூன்று வருஷம் அந்த வீட்டில் இருந்தேன், ஒரு நாள்கூட வந்து தங்கவில்லை.

வலங்கைமான் வாசி:
பத்து மாதம் ஏன் கொடுத்தீர்கள்? 2017 வாடகைச் சட்டம் 2019-லேயே அமலுக்கு வந்துவிட்டது. மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. நம் ஆட்கள் வாயைத் திறப்பதில்லை, அதுதான் கோளாறு.

மன்னைக்காரன்:
சட்டத்தை முழுசாகப் படியுங்கள் சார். இரண்டு தரப்பும் வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் அந்த மூன்று மாதம் செல்லாது. எல்லா ஓனருக்கும் அந்த வால் தெரியும்.
என் கதை சின்னது. கூடுவாஞ்சேரி. போனில் புரோக்கர் "நீங்க என்ன ஆளுங்க?" என்றார். மன்னார்குடி என்றேன். "அது இல்ல சார்..." என்று இழுத்தார். வைத்துவிட்டேன்.
அப்புறம், பொதுவாகச் சொல்கிறேன். அட்வான்ஸை நோட்டாகக் கொடுக்கவே கொடுக்காதீர்கள், பேங்க் வழியாக அனுப்புங்கள். ஒப்பந்தத்தில் தொகையை எழுத்தாலும் எழுதச் சொல்லுங்கள். குடிபோகும் அன்றே சுவர், குழாய் எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். ஃபிளாட் வாங்குவதானால் பத்திரத்தில் யூடிஎஸ், அதாவது பிரிக்கப்படாத நிலப் பங்கு, எத்தனை சதுர அடி என்று பாருங்கள், நாளைக்கு மண்ணில் உங்கள் பங்கு அதுதான். முப்பது வருஷத்துக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். ஊர் நிலத்தை மட்டும் விற்றுவிடாதீர்கள்.

கும்பகோணத்தான்:
அட்வைஸ் கேட்கவில்லை சார். வலங்கைமான் சாருக்கு: வாயைத் திறந்தேன். "உங்களுக்குப் பின்னாடி நாலு பேர் நிக்கிறாங்க" என்றார்கள்.
காலி பண்ணும்போது பெயிண்டுக்கு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் ஒரு ஆணிகூட அடித்ததில்லை. சரி, மீதியை அப்பாவுக்கு அனுப்பினேன். பணம் வந்துவிட்டது என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இப்பவாவது அந்தம்மாவுக்குத் தண்ணி பத்துதாமா?" என்று கேட்டார்.