மதிப்பீட்டு மேசையில் பார்த்த நகைகள்

வங்கியில் நகைக்கடனுக்கு எடை போட்டு, தரம் பார்த்துச் சொல்கிற மதிப்பீட்டாளர் நான். அப்பா காலத்துப் பட்டறை இன்னும் வீட்டில் இருக்கிறது. சாயங்காலம் சின்னச் சின்னப் பழுதும் பார்ப்பேன். நகையை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று ஆளுக்கொரு அனுபவம் சொல்வார்கள். மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் பார்த்ததையும் கொஞ்சம் சொல்கிறேன். போட்டுத் தேய்ந்த நகையைவிட, பளபளப்பாக்கப் போய்க் கெட்ட நகைதான் என்னை அதிகம் சங்கடப்படுத்தியிருக்கிறது.

ஒரு அம்மா இரண்டு வளையல் கொண்டுவந்தார். பில்லில் 3 பவுன், அதாவது 24 கிராம். என் தராசில் 22கூட வரவில்லை. "என்ன தம்பி, உங்க மிஷின்ல கோளாறா?" என்று குரலை உயர்த்திவிட்டார். மேலாளர் எட்டிப் பார்த்தார். இன்னொரு தராசில் வைத்தோம், அதே எடைதான்.

லென்ஸ் வைத்துப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. வளையலைச் சுற்றிக் கொடியும் இலையுமாகக் கொத்து வேலை. தினமும் கையில் கிடக்கிற வளையல் என்றால் மேடு மட்டும் தேயும், பள்ளத்தில் அழுக்கு நிற்கும். இதிலோ மேடும் பள்ளமும் ஒரே மாதிரி மழுங்கி, பயன்படுத்திய சோப்புக்கட்டி போல இருந்தது. அழுக்கு என்று பெயருக்குக்கூட இல்லை.

"வீட்டுக்கு யாராவது வந்து பாலிஷ் போட்டுக் கொடுத்தாங்களாம்மா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னார். பித்தளை விளக்குகிற பவுடர் விற்க இரண்டு பேர் வந்தார்களாம். முதலில் குத்துவிளக்கைத் துலக்கிக் காட்டினார்கள், அடுத்து கொலுசு. அது பளிச்சென்று ஆனதும் வளையலைக் கழற்றிக் கொடுத்திருக்கிறார். ஏதோ தண்ணீரில் போட்டு எடுத்து, மஞ்சள் தூள் கரைத்த பாத்திரத்தில் வைத்து மூடி, பத்து நிமிஷம் கழித்துத் திறக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பிப் போய்விட்டார்கள். திறந்தால் வளையல் அப்படியே இருந்தது, புதிதுபோல மின்னியது. அதனால் சந்தேகமே வரவில்லை.

அந்த 'ஏதோ தண்ணீர்' ராஜ திராவகமாகத்தான் இருக்க வேண்டும். நைட்ரிக் அமிலம் தனியாகத் தங்கத்தை ஒன்றும் செய்யாது. உரைகல்லில் நகையை இழைத்து அதன்மேல் ஒரு சொட்டு விட்டுத்தான் நாங்களே சோதிக்கிறோம்; செம்பும் வெள்ளியும் கரைந்துபோகும், தங்கக் கோடு நிற்கும். ஆனால் ஒரு பங்கு நைட்ரிக்கோடு மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக் சேர்ந்தால் தங்கமே கரையும். கரைந்த தங்கத்தின் நிறமும் மஞ்சள்தான். பக்கத்தில் மஞ்சள் தண்ணீர் இருந்தால் யார் கவனிக்கப் போகிறார்கள்? நகை கைக்குத் திரும்பிவிடும், எடை அவர்களோடு போய்விடும். அந்த அம்மா கடைசியில் கடன் வாங்காமலே போய்விட்டார்.

ஒழுங்கான கடையில் பாலிஷ் போட்டாலும் சக்கரத்தில் கொஞ்சம் தங்கம் போகத்தான் செய்யும். பட்டறையில் தூசியைக்கூடக் குப்பையில் கொட்ட மாட்டோம், சேர்த்து வைத்துச் சுத்திகரிக்கக் கொடுப்போம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆகவே கொடுக்கும்போது ஒரு தடவை, வாங்கும்போது ஒரு தடவை உங்கள் கண்முன் எடை போடச் சொல்லுங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், கோபித்தால் வேறு கடை. 2023 ஏப்ரல் 1 முதல் கடையில் விற்கிற ஹால்மார்க் நகையில், ஒவ்வொரு நகைக்கும் தனியாகக் கொடுக்கிற எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளமான எச்.யு.ஐ.டி. முத்திரை இருக்க வேண்டும். லேசரில் மெல்லியதாகப் போடுவது அது. சக்கரத்தில் அழுத்திப் பிடித்தால் அதுவும் மங்கும்.

இன்னொரு பாட்டி கொண்டுவந்த அட்டிகையை மறக்க முடியாது. சிவப்புக் கெம்பு வைத்த பழைய வேலை. பேத்தி கல்யாணத்துக்குப் போடலாம் என்று வீட்டில் யாரோ ராத்திரி முழுக்கச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்திருக்கிறார்கள். பாதிக் கற்கள் காய்ந்த ரத்தம் மாதிரிக் கறுத்துவிட்டன. "தம்பி, கல்லு செத்துப்போச்சாப்பா?" என்று கேட்டார்.

கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்த வேலையில் கல்லுக்கு அடியில் ரேக்கு, அதாவது பளபளப்பான மெல்லிய உலோகத் தகடு வைத்திருப்பார்கள். உள்ளே அரக்கு நிரப்பி, சுற்றிலும் தங்கத்தால் அடைத்திருப்பார்கள். வெளிச்சம் ரேக்கில் பட்டுத் திரும்பும்போதுதான் கல் ஜொலிக்கும். தண்ணீர் இடுக்கில் இறங்கினால் ரேக்கு கறுத்துப்போகும். சூட்டில் வைத்தால் அரக்கு இளகிக் கல் ஆடும். ஒவ்வொரு கல்லாகப் பெயர்த்து, ரேக்கு மாற்றி, திரும்ப அடைக்க வேண்டும். நாகர்கோவில் வடசேரி மாதிரிக் கோயில் நகை செய்கிற இடங்களில் இன்னும் ஆள் இருக்கிறார்கள் என்று சொல்லி அனுப்பினேன். கூலியைக் கேட்டதும் பாட்டி, "அப்ப அப்படியே இருக்கட்டும், கறுப்புக் கெம்புன்னு சொல்லிக்கிறோம்" என்று சிரித்தார்.

கல் வைத்த நகை எதுவானாலும் கழுவுவதற்கு முன் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் திறந்து, கல்லின் அடி தெரிந்தால் தண்ணீர் படலாம். தகடு போட்டு மூடியிருந்தால் காய்ந்த மெல்லிய துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பழைய வைரத்தோடுகளிலும் இப்படி மூடிக் கட்டியது உண்டு.

வைரம் என்றதும் ஒன்று. தன் ஏழுகல் தோட்டை யாரோ மாற்றிவிட்டார்கள், உள்ளே இருப்பது கண்ணாடி என்று ஒருவர் பட்டறைக்கே வந்துவிட்டார். கல் பால் படிந்தாற்போல இருந்தது, உண்மைதான். திறந்த கட்டு. வெதுவெதுப்பான தண்ணீரில் பூந்திக்கொட்டைத் தோலை ஊறவைத்து நுரை எடுத்து, குழந்தைகளுக்கான பல்துலக்கியால் பின்பக்கத்தை மெல்லத் தேய்த்தேன். சாம்பல் நிறத்தில் ஒரு பசை உருண்டு வந்தது: தலைக்கு வைக்கிற எண்ணெய், முகப் பவுடர், கிரீம் எல்லாம் சேர்ந்து இறுகியது. கழுவித் துடைத்து ஜன்னல் பக்கம் காட்டியதும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வைரத்துக்கும் எண்ணெய்ப் பசைக்கும் அப்படி ஓர் ஒட்டு. தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி சுரங்கத்தில் கிரீஸ் தடவிய மேசைமேல் சரளையைத் தண்ணீரோடு ஓடவிட்டு வைரத்தைப் பிரித்தார்கள். மற்ற கல்லெல்லாம் ஓடிவிடும், வைரம் மட்டும் ஒட்டி நிற்கும். அதே குணம்தான் தோட்டிலும் வேலை செய்கிறது. தலைக்கு எண்ணெய் வைப்பவர்கள் மாதம் ஒரு தடவை இப்படிக் கழுவலாம். கிண்ணத்தில் வைத்துக் கழுவுங்கள், வாஷ்பேசினில் வேண்டாம். திருகாணி குழாயில் இறங்கிவிட்டால் பிளம்பரைத்தான் கூப்பிட வேண்டும்.

அப்புறம் தாலிக்கொடியில் தொங்கும் ஊக்குகள். அவசரத்துக்கு உதவும், சரி. ஆனால் ஊக்கு எஃகு, கொடியோ 22 காரட் தங்கம். நடக்க நடக்க அது வளையத்தை அரம்போல அறுத்துக்கொண்டே இருக்கும். மஞ்சளும் சோப்பும் கலந்த மண்ணு அதே இடத்தில் உட்கார்ந்து இன்னும் கொஞ்சம் தேய்க்கும். மற்ற இடமெல்லாம் கெட்டியாக இருந்து, ஊக்கு மாட்டிய வளையம் மட்டும் பாதிக் கனத்துக்கு வந்துவிட்ட கொடிகள் அடிக்கடி வரும். எழுந்து போகும்போது "அக்கா, இந்த வளையத்தை மாத்திட்டு அப்புறம் கழுத்துல போடுங்க" என்று சொல்லி அனுப்புவேன். பஸ்ஸில் அறுந்து விழுந்தால் திருடன் தேவையில்லை. பற்றவைக்கிற இடத்தில் 'கேடிஎம்' என்று பெருமையாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது காட்மியம் என்ற உலோகம் கலந்த பற்று, அதன் புகை பற்றவைக்கிற ஆசாரியின் நுரையீரலுக்குத்தான் போகும்.

திட்டுத்திட்டாக வெளுத்துப்போன சங்கிலியோடு ஒருவர் வந்து போலி நகை என்று பயந்தார். வீட்டில் பழைய தெர்மாமீட்டர் உடைந்திருக்கிறது. பாதரசம் பட்டால் தங்கம் இப்படித்தான் வெளுக்கும். அதை அடுப்பில் காட்டிச் சரிசெய்ய நினைக்காதீர்கள், வருகிற ஆவி விஷம். மரகத மோதிரத்தை, அதிர்வால் அழுக்கெடுக்கிற அல்ட்ராசோனிக் மிஷினில் போட்டுத் தரச் சொல்வதும் வேண்டாத வேலை. பெரும்பாலான மரகதத்தில் வெடிப்பு தெரியாமலிருக்க எண்ணெய் ஏற்றியிருப்பார்கள், அது வெளியேறினால் கோடு கோடாகத் தெரியும். வெள்ளிக் கொலுசை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்தால் கந்தகம் பட்டுக் கறுக்கும்.

முத்தும் பவளமும் வேறு ஜாதி. இரண்டும் அடிப்படையில் சுண்ணாம்பு. புளி, எலுமிச்சை, வினிகர் எது பட்டாலும் அரிக்கும், வியர்வைகூடக் கொஞ்சம் செய்யும். பவுடர், சென்ட் எல்லாம் முடிந்தபின் கடைசியாகப் போட்டு, வீட்டுக்கு வந்ததும் முதலில் கழற்றி, ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் உறையில் இறுக்கி மூட வேண்டாம். கோர்த்த பட்டு நூல் இரண்டு முத்துக்கு நடுவில் தொய்ந்து தெரிந்தால் திரும்பக் கோர்க்கக் கொடுக்கிற நேரம் வந்துவிட்டது. கோர்ப்பவரிடம் ஒவ்வொரு முத்துக்கும் நடுவில் முடிச்சுப் போடச் சொல்லுங்கள். அறுந்தாலும் ஒன்றுதான் விழும், மற்றவை மாலையில் நிற்கும்.