சின்ன பிசியோதெரபி கிளினிக்குக்கு ரீல்ஸ் போட்டால் ஆள் வருவார்களா?

பிசியோ_கோவில்பட்டி:
வணக்கம். கோவில்பட்டியில் பிசியோதெரபி கிளினிக் ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. இரண்டு கட்டில், வலிக்கு லேசான மின்சாரம் கொடுக்கும் ஐஎஃப்டி மெஷின் ஒன்று, நான், உதவிக்கு ஒரு பெண், அவ்வளவுதான். ஒரு நாளைக்கு நாலைந்து பேர் வருகிறார்கள், வாடகை கட்டவே இழுபறி. சரி என்று இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் போட ஆரம்பித்தேன். முட்டி வலிக்கான பயிற்சி ஒன்றை 40,000 பேர் பார்த்தார்கள், மலேசியாவில் இருந்தெல்லாம் நன்றி சொன்னார்கள், ஆனால் அதைப் பார்த்துவிட்டு கிளினிக்குக்கு வந்தவர் ஒருவர்கூட இல்லை. நடுவில் ஒரு மார்க்கெட்டிங் ஆளிடம் 12,000 ரூபாய் கொடுத்தேன். ஃபாலோயர்ஸ் ஏறியது, யாரென்று பார்த்தால் பாதிக்கு மேல் படமே இல்லாத கணக்குகள். இப்போது அவர், நோயாளிகளைப் பேச வைத்து வீடியோ எடுங்கள், அதுதான் எடுபடும் என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. எதில் நேரம் போட்டால் ஆள் வருவார்கள், தொழில் நடத்துகிறவர்கள் சொல்லுங்கள்.

பல்டாக்டர்_தேனி:
மேடம், முதலில் கூகுள் மேப், ரீல்ஸ் எல்லாம் அப்புறம். இடுப்பு பிடித்துக்கொண்டவர் இன்ஸ்டாகிராமைத் திறக்க மாட்டார், பக்கத்தில் பிசியோதெரபி எங்கே இருக்கிறது என்று போனில் தேடுவார். கூகுள் மேப்பில் கிளினிக்கைச் சேர்க்கக் காசு கிடையாது. மதியம் எத்தனை மணிக்கு மூடுவீர்கள், ஞாயிறு உண்டா என்பதைச் சரியாகப் போடுங்கள். அதைவிட முக்கியம் வாசல் போட்டோ. உங்களிடம் வருகிறவர்களுக்கு முட்டி வலி, தரைத்தளமா மாடியா, எத்தனை படி, ஆட்டோ வாசல் வரை வருமா என்றுதான் முதலில் பார்ப்பார்கள்.

ரிவியூவை வலி குறைந்து சந்தோஷமாகக் கிளம்புகிறவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள், தப்பில்லை. ஆனால் ரிவியூ போட்டால் கட்டணத்தில் தள்ளுபடி என்று சொல்லாதீர்கள், கூகுள் அதை அனுமதிப்பதில்லை. இன்னொன்று, எனக்கு ஒருவர் ஒரே ஒரு ஸ்டார் போட்டார். கோபத்தில், அவர் வேர் சிகிச்சையைப் பாதியில் விட்டுப் போனதை அதன் கீழேயே எழுதிவிட்டேன். ஊரே படித்தது. அவர் போன் செய்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை, அழித்துவிட்டு மன்னிப்புக் கேட்டேன். இப்போதெல்லாம் யார் எது எழுதினாலும், நேரில் பேசலாம், அழையுங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சித்தா_நெல்லை:
வார்த்தைகளில் கவனம் வேண்டும் சகோதரி. 1954ஆம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டத்தில் ஒரு நோய்ப் பட்டியலே இருக்கிறது, சர்க்கரை நோய், பக்கவாதம், புற்றுநோய் எல்லாம் அதில் உண்டு, இவற்றைக் குணமாக்கும் என்று எந்த மருந்தையும் விளம்பரம் செய்யக் கூடாது. நீங்கள் மருந்து கொடுப்பதில்லைதான், இருந்தாலும் 'முழுமையாகக் குணம்', '100 சதவீதம்' பக்கமே போகாதீர்கள். எம்பிபிஎஸ் டாக்டர்களுக்கு 2002 நடத்தை விதிகள் தனியாக இருக்கின்றன, அவர்களைப் பார்த்து நீங்களும், உங்களைப் பார்த்து அவர்களும் அப்படியே காப்பியடிக்க முடியாது.

மகள்_விருதுநகர்:
நான் டாக்டர் இல்லை. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து பிசியோதெரபிக்குக் கூட்டிப்போன இடத்தில், அவர் முதல் தடவை நடந்ததை வீடியோ எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டார்கள். போடட்டுமா என்று கேட்டார்கள், அம்மாவும் தலையாட்டினார். கையைப் பிடித்து நடக்க வைக்கிறவரிடம் முடியாது என்று எப்படிச் சொல்வார்? சொந்தக்காரர்கள் பார்த்துவிட்டு போன் செய்தார்கள். வாய் கோணின முகத்தை எல்லாரும் பார்த்துட்டாங்களே என்று அன்று ராத்திரி அழுதார், அதன் பிறகு அங்கே வரவே மாட்டேன் என்றுவிட்டார். உங்கள் மனசு ஒப்பவில்லை என்றீர்களே மேடம், அதை விட்டுவிடாதீர்கள்.

பல்டாக்டர்_தேனி:
வீடியோதான் வேண்டுமென்றால் நீங்களே செய்து காட்டுங்கள், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுங்கள். வந்துபோனவர்களிடம் உங்கள் எண்ணை சேவ் செய்யச் சொல்லுங்கள், அவர்கள் சேவ் செய்திருந்தால்தான், ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்பும் பிராட்காஸ்ட் மெசேஜ் போய்ச் சேரும்.

பிசியோ_கோவில்பட்டி:
எல்லோருக்கும் நன்றி. விருதுநகர் அக்கா எழுதியதை இரண்டு தடவை படித்தேன், அந்த ஆளிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இங்கே தீப்பெட்டி வேலைக்குப் போகிற பெண்கள் குனிந்தே உட்கார்ந்து கழுத்து வலியோடு வருகிறார்கள், அவர்களுக்கு வேலைக்கு நடுவில் செய்யக்கூடிய பயிற்சியை முதல் ஸ்டேட்டஸாகப் போட்டேன். நேற்று அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்துத் தெருவில் இருந்து இரண்டு பேர் வந்தார்கள். அப்புறம் மேப்பில் போட வாசலைப் போட்டோ எடுத்தேன். இரண்டு படி, பிடிக்க ஒன்றுமே இல்லை, இத்தனை நாள் எனக்குத் தோன்றவே இல்லை. கைப்பிடிக்கு வெல்டிங் கடையில் சொல்லியிருக்கிறேன், அது வந்த பிறகு மறுபடி போட்டோ எடுத்துப் போடுகிறேன்.