கோன் ஃபில்டர் போட்டபின் செக் இன்ஜின் லைட்: ஈசியூவை எப்படி ரீசெட் செய்வது?

சிவிக்_கோவை:
வணக்கம் நண்பர்களே. 2010 மாடல் ஹோண்டா சிவிக், 1.8 பெட்ரோல், மேனுவல். ஒரிஜினல் ஏர் ஃபில்டர் பெட்டியை எடுத்துவிட்டு, பைப்போடு வரும் கோன் ஃபில்டர் செட் ஒன்றை வெளிக்கடையில் மாட்டினேன். அதிலிருந்து சிக்னலில் நின்றால் ஆர்பிஎம் ஏறி இறங்குகிறது, அப்புறம் செக் இன்ஜின் லைட்டும் வந்துவிட்டது. "ஈசியூவில் (இன்ஜின் கம்ப்யூட்டரில்) பழைய செட்டிங் இருக்கிறது, பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டினால் போய்விடும்" என்று கடையில் சொன்னார்கள். கழற்றி மாட்டினால் லைட் அணைகிறது, சில நாளில் மறுபடி எரிகிறது. டெர்மினலை எவ்வளவு நேரம் கழற்றி வைக்க வேண்டும்? ஃபியூஸை எடுத்தால் போதுமா? ஆசையாக வைத்திருக்கும் கார், உதவுங்கள்.

சூடான_ஸ்பேனர்:
நண்பரே, இனி டெர்மினலில் கை வைக்காதீர்கள். ஒவ்வொரு முறை கழற்றும்போதும் கோடு (என்ன கோளாறு என்று சொல்லும் குறியீடு) அழிகிறது. எந்த ஆர்பிஎம்மில், எந்தச் சூட்டில் கோளாறு வந்தது என்று ஈசியூ பிடித்து வைத்த விவரமும் கூடவே போய்விடுகிறது. தடயத்தை அழித்துவிட்டுக் காரணம் தேட முடியாது.

ஈசியூ எந்த ஃபில்டரையும் நினைவில் வைத்திருப்பதில்லை. உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஃப் சென்சார் சொல்லும் அளவுக்கு ஏற்ப பெட்ரோல் விடுகிறது. சைலன்சர் பக்கம் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் "போதவில்லை" என்றால் கூட்டுகிறது, "அதிகம்" என்றால் குறைக்கிறது. இந்தத் திருத்தம்தான் ஃபியூவல் ட்ரிம். ரீசெட் செய்தால் அந்தத் திருத்தம் பூஜ்யத்துக்குப் போகும், அவ்வளவுதான். காற்றுக் கணக்கு தப்பாகவே இருந்தால் ஓட்ட ஓட்ட மறுபடி அதே இடத்துக்கு வந்து நிற்கும். உங்கள் லைட் திரும்ப வருவது அதனால்தான்.

ஈசியூ விவரங்களைப் போனில் காட்டும் புளூடூத் ஓபிடி கருவி ஒன்று வாங்கி, இன்ஜின் சூடானபின் இரண்டு அளவு போடுங்கள்: ஐட்லிங்கில் (ஆக்சிலரேட்டர் மிதிக்காமல் ஓடும்போது) லாங் டெர்ம் ட்ரிம், அதாவது ஈசியூ நிலையாக வைத்திருக்கும் திருத்தம், சதவீதத்தில்; 2500 ஆர்பிஎம்மிலும் அதே லாங் டெர்ம் ட்ரிம். கோடும் வேண்டும்.

மலைக்கோட்டை_மோட்டார்:
அதற்குள் பானட்டைத் திறந்து சிலது பார்த்து வையுங்கள் தம்பி. மாஃப் சென்சாரில் காற்று போகும் திசைக்கு அம்புக்குறி இருக்கும், அது இன்ஜினைப் பார்த்து இருக்கிறதா? பைப் கிளாம்ப் எல்லாம் இறுக்கமா? ஃபில்டர் எண்ணெய் தடவும் ரகம் என்றால், எண்ணெய் அதிகமாகி சென்சார் கம்பியில் படிந்தும் அளவு குறைவாகக் காட்டும். அதைக் கழுவ மாஃப் கிளீனர் ஸ்பிரே மட்டும்தான். கார்புரேட்டர் கிளீனர் கூடாது, துணி வைத்துத் துடைக்கவும் கூடாது, கம்பி ரொம்ப மெல்லிசு.

சிவிக்_கோவை:
பார்த்துவிட்டேன் அண்ணா. அம்புக்குறி சரி, கிளாம்ப் சரி, சென்சார் சுத்தமாக இருக்கிறது. கோடு பி0171. ட்ரிம் ஐட்லிங்கில் +19, 2500 ஆர்பிஎம்மில் +7. இன்னொன்று: வால்வு கவரில் (இன்ஜினின் மேல்மூடி) இருந்து பழைய பைப்புக்கு வந்த ரப்பர் ஹோஸ் இப்போது இல்லை. வால்வு கவரில் குட்டி கோன் ஃபில்டர் ஒன்று மாட்டியிருக்கிறார்கள். புதுப் பைப்பில் ஹோஸுக்கான முனையை ரப்பர் மூடியால் அடைத்திருக்கிறார்கள்.

சூடான_ஸ்பேனர்:
அந்தக் குட்டி ஃபில்டர்தான் காரணம், எனக்குச் சந்தேகமே இல்லை. உங்கள் எண்களும் அதையே சொல்கின்றன.

இன்ஜினுக்குள் சேரும் ஆவியை பிசிவி வால்வு (அந்த ஆவியை வெளியே விடும் வால்வு) வழியாக மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் குழாய்) உறிஞ்சிக்கொள்ளும். அதற்கு ஈடான புதுக்காற்று, மாஃப் சென்சாரைத் தாண்டிய பைப்பிலிருந்து அந்த ரப்பர் ஹோஸ் வழியே வர வேண்டும். அது ஏற்கெனவே கணக்கில் ஏறிய காற்று. இப்போது அதே காற்று குட்டி ஃபில்டர் வழியாக, சென்சாருக்குத் தெரியாமல் உள்ளே போகிறது. ஐட்லிங்கில் மொத்தக் காற்றே கொஞ்சம் என்பதால் இந்தத் திருட்டுக் காற்று பெரிய பங்காகிறது, அதனால் +19. ஆர்பிஎம் ஏறினால் பங்கு சிறுத்துவிடும், அதனால் +7. பி0171 என்றால் கலவையில் பெட்ரோல் குறைவு. எல்லாம் ஒரே கதை.

பைப்பின் விட்டம் மாறியதால் சென்சார் கணக்கு தப்பியிருந்தால், இப்படி ஐட்லிங்கில் மட்டும் குதிக்காது. ஆக்சிலரேட்டர் மிதித்தாலும் குறையாமல் நிற்கும், சில சமயம் ஏறும்.

குட்டி ஃபில்டரைக் கழற்றுங்கள், மூடியை எடுத்துவிட்டு ஹோஸை மாட்டுங்கள். எண்ணெய் தாங்கும் ஹோஸாக வாங்குங்கள், தண்ணீர் ஹோஸ் ஊறிப்போகும்.

ஐட்லிங்_ராகம்:
ஒன்று சேர்க்கிறேன். ஹோஸ் மாட்டியபின்னும் ட்ரிம் பூஜ்யத்துக்கு வரவில்லையே என்று பதற வேண்டாம். சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ எரிய சுமார் 14.7 கிலோ காற்று, 20 சதவீதம் எத்தனால் கலந்ததற்கு 13.5 பக்கம். இப்போது பெட்ரோல் பங்கில் கிடைப்பது அதுதான், அதனால் அதே காற்றுக்கு ஈசியூ கொஞ்சம் கூடுதலாக விட வேண்டியிருக்கும். பழைய காரில் ட்ரிம் சில புள்ளி பிளஸ்ஸில் நிற்பது இயல்பு. 10 தாண்டினால்தான் கவலை.

சிவிக்_கோவை:
ஹோஸ் மாட்டியாகிவிட்டது. ரீசெட் செய்யாமலே ஐட்லிங் ட்ரிம் இறங்க ஆரம்பித்தது! இப்போதாவது ரீசெட் செய்யலாமா?

சூடான_ஸ்பேனர்:
இப்போது செய்யலாம். ஓபிடி கருவியில் கோடை அழித்தாலே போதும். டெர்மினலைக் கழற்றினால் ரேடியோ கோடு கேட்கும், கடிகாரமும் போகும். அப்படிக் கழற்றியிருந்தால், அல்லது ஐட்லிங் இன்னும் ஆடினால், ஈசியூவுக்கு ஐட்லிங்கைப் புதிதாகக் கற்பிக்க வேண்டும். ஏசி, விளக்கு, ரேடியோ எல்லாம் ஆஃப். நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டர் ஃபேன் ஓடும்வரை 3000 ஆர்பிஎம்மில் பிடியுங்கள். அப்புறம் ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஐந்து நிமிடம் ஐட்லிங்கில் விடுங்கள். நடுவில் ஃபேன் ஓடும் நேரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். திறந்த இடத்தில் செய்யுங்கள், மூடிய ஷெட்டில் வேண்டாம்.

சிவிக்_கோவை:
செய்தேன். ஐட்லிங் +5, 2500-இல் +4. ஊசி ஆடாமல் நிற்கிறது, லைட் இல்லை. ரொம்ப நன்றி. ஆனால் மதிய டிராஃபிக்கில் வண்டி கொஞ்சம் மந்தமாக இருக்கிறதே?

மலைக்கோட்டை_மோட்டார்:
அதற்கு ரீசெட்டில் வழி கிடையாது தம்பி. திறந்த கோன் ஃபில்டர் பானட்டுக்குள் இருக்கும் சூட்டையே இழுக்கிறது. காற்று 10 டிகிரி சூடானால் அடர்த்தி ஏறக்குறைய 3 சதவீதம் குறையும். சூடு கூடினால் நாக்கிங் (கலவை தானாக வெடித்து இன்ஜின் தட்டுவது) வராமல் இருக்க ஈசியூ இக்னிஷன் டைமிங்கையும் (ஸ்பார்க் விடும் நேரம்) பின்னுக்குத் தள்ளும், அதனாலும் இழுவை குறையும். ஓபிடியில் இன்டேக் காற்றின் சூட்டைப் பாருங்கள், சிக்னலில் 60 தாண்டும். ஒரிஜினல் பெட்டி பானட்டுச் சூடு படாத காற்றை எடுக்கும்படி அமைத்தது. சத்தம் பிடித்திருந்தால் கோனுக்கு ஒரு தகரத் தடுப்பு கட்டி, பம்பர் பக்கத்திலிருந்து காற்று வரும்படி செய்யுங்கள். என்னைக் கேட்டால், ஒரிஜினல் பெட்டியையே திரும்ப மாட்டி, புது பேப்பர் ஃபில்டர் போடுவேன்.

சிவிக்_கோவை:
பெட்டி பத்திரமாக இருக்கிறது அண்ணா. ஞாயிற்றுக்கிழமை மாட்டிவிட்டு, இரண்டிலும் சிக்னலில் காட்டும் சூட்டை இங்கே போடுகிறேன்.